டர்பனில் கண்ட நம்மவர்



சாமி என்ற சொல் நமக்குப் புதிதன்று. கோயிலில் இருப்பதும் சாமி. பெரியவர் ஒருவரைப் பணிவோடு அழைப்பதும் சாமி. இந்தச் சொல்லையே ஏளனச் சொல்லாக்கிய ஊர் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்பு வெட்டப் போன நம்மவரின் பெயர்கள் முத்துசாமி, குப்புசாமி, ராமசாமி என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் எல்லாரையுமே 'சாமி' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். 1893-இல் அங்கே வழக்குப் பணிக்காகப் போய் இறங்கிய காந்தியடிகளுக்குக் 'கூலி பாரிஸ்டர்' என்ற பட்டம் கிடைத்தது. கூலி, சாமி இரண்டும் அவர்கள் வாயில் ஒரே பொருளைத்தான் தந்தன. அப்படி அழைக்கப்பட்டதைப் பொறுக்காத சில இந்தியர்கள், சாமி என்றால் எசமான் என்று பொருள், நான் உமக்கு எசமான் அல்லவே என்று வெள்ளையரிடமே திருப்பிச் சொன்னதுண்டு என்று காந்தியடிகள் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

பெயர் சொல்லி அழைப்பதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2018-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையையொட்டி நானும் என் துணைவியாரும் இரண்டு வாரம் டர்பன் நகரில் தங்கியிருந்தோம். அங்கே நாங்கள் கண்டதையும் கேட்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் சுருக்கமாகச் சில செய்திகள். 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை இப்படிக் கப்பலேறியவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். தமிழரும் தெலுங்கரும் அவர்களில் மிகுதி. ஐந்தாண்டு ஒப்பந்தம். முதலாண்டில் மாதச் சம்பளம் பத்து ஷில்லிங். நம் பாட்டன்மார் காலத்துச் சஞ்சிக்கூலி முறைதான் அங்கேயும். இங்கே ரப்பரும் காப்பியும் கரும்பும், அங்கே பெரும்பாலும் கரும்பு. அங்கும் 'சர்தார்' என்ற பெயரில் ஒரு கங்காணி இருந்தார். ஒப்பந்தம் முடிந்தவன் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மீண்டும் கையொப்பமிட வேண்டும்; இரண்டும் இல்லாமல் சுதந்தரமாக வாழ நினைத்தால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்து 1913-இல் நடந்த போராட்டத்தையும், சிறை சென்று நோயுற்று 1914 பிப்ரவரி 22-இல் மாண்ட தில்லையாடி வள்ளியம்மையையும் நாம் பள்ளிப் பருவத்திலிருந்தே அறிவோம். அதனால் அதை இங்கே விரிக்கவில்லை.

இன்னொரு தொடர்பு பலருக்கு நினைவில் இராது. 1936-ஆம் ஆண்டு இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து, அடுத்த ஆண்டு அறிக்கை வெளியிட்டவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அதே சாஸ்திரியார்தாம் 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாக இருந்தவர். இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெறுவதற்காக அவர் முயற்சியில் எழுந்த சாஸ்திரிக் கல்லூரி டர்பனில் இன்றும் இருக்கிறது.

சரி, ஊருக்குள் போவோம்.

டர்பனில் இறங்கியதும் எங்களுக்கு ஏற்பட்ட முதல் உணர்வு, இது கிள்ளானா, ஈப்போவா என்பதுதான். வார்விக் சந்திப்பின் பக்கத்தில் 1934-இல் திறக்கப்பட்ட காலைச் சந்தை ஒன்று இருக்கிறது. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழைப்பூ, பச்சை மிளகாய் எல்லாம் கூடைகூடையாகக் குவிந்திருந்தன. விற்பவர்களில் நம்மவரும் இருந்தார்கள். சூலு இனப் பெண்களும் இருந்தார்கள். கடைப் பலகைகளில் கோவெண்டர், மூட்லி, நாயுடு, பிள்ளை, செட்டி, படையாச்சி என்ற பெயர்கள். கோவெண்டர் என்பது நம் கவுண்டர். மூட்லி என்பது முதலி. எந்த வெள்ளைக் கிராணியின் காதில் எப்படி விழுந்ததோ, அப்படியே எழுத்தில் நின்றுவிட்டது.

ஆனால் நாங்கள் தமிழில் பேசினால், பதில் ஆங்கிலத்தில்தான் வந்தது. இளையவர் யாருக்கும் தமிழ் வரவில்லை. நடுவயதினருக்கும் ஓரிரு சொற்களே வந்தன. அந்த ஓரிரு சொற்கள் எவை என்று கவனித்தால் வியப்பாக இருக்கும். புரட்டாசி மாதத்தில் வீட்டில் இறைச்சி இல்லை என்பார்கள். 'புரட்டாசி' என்ற சொல்லை மாற்றவில்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ஆங்கிலத்தில் 'கஞ்சிப் பூசை' என்பது போன்ற ஒரு தொடரால் சொல்கிறார்கள். காவடி, காவடிதான். சீட்டாட்டம் ஒன்று அங்கே மிகவும் புகழ் பெற்றது. இந்தியர் வீட்டுக் கல்யாணம், கருமாதி எதுவானாலும் ஆடவர்கள் இரவு முழுதும் விழித்திருந்து ஆடுவார்களாம். அந்த ஆட்டத்தின் பெயர் 'துணி' என்று எங்கள் காதில் விழுந்தது. சீட்டுக்கும் துணிக்கும் என்ன உறவு என்று குழம்பினோம். பிறகுதான் தெரிந்தது, அது நம் 'தண்ணி'. பேசும் மொழி போய்விட்டது. சாப்பாட்டிலும் சாமியிடத்திலும் சீட்டுக்கட்டிலும் மட்டும் சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

சாப்பாட்டைச் சொன்னதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. முதல் நாள் பசியாறப் போன இடத்தில், இந்த ஊருக்கு வந்தால் 'பன்னி' சாப்பிடாமல் போகக் கூடாது என்று கடைக்காரர் வற்புறுத்தினார். என் துணைவியார் எழுந்தே விட்டார்! அவர் நினைத்தது வேறு பன்னி. வந்ததோ அரை ரொட்டி. நடுவிலுள்ள மெத்தென்ற பகுதியைத் தோண்டி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சுடச்சுட அவரைக்காய்க் குழம்பை ஊற்றி, தோண்டிய ரொட்டியை மூடிபோல் மேலே வைத்திருந்தார்கள். கரண்டி இல்லை, தட்டு இல்லை, ரொட்டியே பாத்திரம். பனியா என்ற வணிகர் பெயரிலிருந்து பன்னி வந்தது என்கிறார்கள். இது எப்படித் தோன்றியது என்பதற்குப் பல கதைகள் சொல்லப்படுகின்றன. எங்கள் கடைக்காரர் சொன்ன கதை இது: கறுப்பினத்தவர் உணவுக்கடைக்குள் உட்கார்ந்து உண்ணக் கூடாத காலத்தில், பின் சன்னல் வழியாகக் கையில் கொடுத்தனுப்ப ஏற்ற உணவாக ரொட்டியைக் குடைந்தார்களாம். கதை எப்படியோ, உணவின் ருசியைக் குறை சொல்ல முடியாது. துணைவியார் மறுநாளும் அதையே கேட்டார்.

இனி, அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் இன ஒதுக்கல் 1948-இல் ஆட்சிக் கொள்கையாயிற்று. அதற்கு முன்பும் பாகுபாடு இல்லாமலில்லை. நிலம் வாங்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1946-இலேயே வந்துவிட்டது. அதை எதிர்த்து டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில் இருந்த காலி மனையில் கூடாரம் போட்டு அமர்ந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் சிறை சென்றார்கள். அவர்களை நடத்தியவர்களில் டாக்டர் மாண்டி நாயக்கரும், எடின்பரோவில் மருத்துவம் பயின்று வந்த டாக்டர் குணம் என்ற தமிழ்ப் பெண்மணியும் குறிப்பிடத்தக்கவர்கள். ஆனால் 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டம் முந்தியவற்றையெல்லாம் விழுங்கிவிட்டது. ஒரு நகரத்தின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, இந்தப் பகுதி வெள்ளையருக்கு, இந்தப் பகுதி இந்தியருக்கு, இந்தப் பகுதி கலப்பினத்தவருக்கு என்று கோடு கிழித்தார்கள். கறுப்பினத்தவருக்கு நகரின் ஓரத்தில் தனி ஊர்கள். கோடு கிழித்தபின் தவறான பக்கத்தில் இருப்பவன் காலி செய்ய வேண்டும். அவன் வீடு சொந்த வீடானாலும் சரி, அவன் பாட்டன் காட்டை வெட்டித் திருத்திய நிலமானாலும் சரி. இரண்டு பகுதிகளுக்கு நடுவில் ஆறோ, ரயில் பாதையோ, பெருஞ்சாலையோ, வெறும் நிலமோ இருக்க வேண்டும் என்பதும் திட்டத்தில் சேர்ந்தது. மனிதர்கள் ஒருவரையொருவர் தற்செயலாகக் கூடச் சந்தித்துவிடக் கூடாது என்பதை எவ்வளவு கருத்தாகச் சிந்தித்திருக்கிறார்கள் பாருங்கள்.

டர்பனில் எங்களுக்கு ஒரு பெரியவரின் அறிமுகம் கிடைத்தது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அப்போது வயது 77. சாட்ஸ்வர்த் என்ற பகுதியில் குடியிருந்தார். வாழைத் தோட்டங்களாக இருந்த குன்றுகளின்மேல் இந்தியருக்கென்றே அரசு கட்டி, 1964-இல் திறந்த குடியிருப்பு அது. ஒரே அச்சில் வார்த்தாற்போல வரிசை வரிசையாக வீடுகள். பகுதிகளுக்குப் பெயருக்குப் பதில் எண் வைத்தார்கள். தெருக்களுக்கும் வெகுகாலம் எண்தான். "உங்கள் ஊரில் லயத்துக்கு நம்பர் போடுவார்களாமே, அதுபோலத்தான்" என்றார் பெரியவர், ஆங்கிலத்தில். அவருக்குத் தமிழ் புரியும். பேச வரும்போது மட்டும் சொற்கள் நின்று நின்று வரும். எங்களைத் 'தம்பி', 'அம்மா' என்றே அழைத்தார். நாங்கள் அவரை ஐயா என்றோம்.

ஐயா பிறந்து வளர்ந்தது சாட்ஸ்வர்த்தில் இல்லை, கேட்டோ மேனரில். நகருக்கு மிக அருகில், மேடும் பள்ளமுமாக இருக்கும் பெரிய நிலப்பரப்பு அது. ஒப்பந்தம் முடிந்த நம்மவர் அங்கே சிறு சிறு துண்டு நிலங்களை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காய்கறியும் பழமும் பயிரிட்டு, தலைச்சுமையாக நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் கோயில் கட்டினார்கள், பிறகு பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

ஈஸ்டர் விடுமுறையில் ஒரு நாள் ஐயா எங்களை அங்கே அழைத்துச் சென்றார். பெல்லேர் சாலையில் அம்பலவாணர் ஆலயம் என்ற கோயில். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875-இல் எழுந்த கோயில் வெள்ளத்தில் அழிந்தபின், வேறிடத்தில் 1947-இல் கட்டி முடித்தது. பழைய கோயிலின் கதவுகளை மீட்டு இங்கே பொருத்தியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறையில் இங்கே தீமிதி. இந்து கோயிலுக்கும் ஈஸ்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டோம். "அன்றுதானே தம்பி துரை லீவு கொடுப்பார்" என்றார் ஐயா.

கூட்டம் நெரிந்தது. மஞ்சள் ஆடை, வேப்பிலை, உடுக்கை, பறை. பாட்டுப் புத்தகங்களில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில் அச்சாகியிருந்தது. ஒரு பெண்மணி அதைப் பார்த்துப் பாடிய அம்மன் பாட்டில் ஓர் எழுத்துப் பிசகில்லை. பாடி முடித்ததும் பக்கத்தில் போய், அம்மா நன்றாகப் பாடினீர்கள் என்றோம் தமிழில். அவர் புன்னகையோடு எங்களைப் பார்த்து, மன்னிக்கவும், எனக்குத் தமிழ் தெரியாது என்றார் ஆங்கிலத்தில். பொருள் தெரியாத பாட்டை நாலு தலைமுறை இப்படிக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இதைக் குறை என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேவாரம் எவ்வளவு புரிகிறது?

பிற்பகலில் கோயிலுக்கு வெளியே சற்றுத் தூரம் நடந்தோம். ஐயா ஒரு சரிவில் நின்று கைத்தடியால் சுட்டிக் காட்டினார். "அங்கே ஒரு மாமரம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் எங்கள் வீடு." அங்கே வீடும் இல்லை, மரமும் இல்லை, புதர். அப்பால் அண்மைக் காலத்தில் எழுந்த வீடுகள் தெரிந்தன. எதிரே உயர்ந்த மேட்டில் பல்கலைக்கழகக் கட்டடம்.

கேட்டோ மேனர் 1958-இல் வெள்ளையர் பகுதி என்று அறிவிக்கப்பட்டது. 1960-களில் புல்டோசர்கள் வந்தன. வீடுகள் போயின, கடைகள் போயின. கோயில்களைத் தொடவில்லை. ஆனால், நேயர்களே, காலி செய்த நிலத்தில் வெள்ளையரும் வந்து குடியேறவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அந்தக் குன்றுகள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்தன. புல்லும் புதரும் மண்டிய வெளியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோயில்கள் மட்டும் நின்றன. சாட்ஸ்வர்த்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து, ஆளில்லாத ஊரின் அம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அடியார்களையெல்லாம் துரத்திய அதே ஆட்சிக் காலத்தில், 1980-இல், இந்த அம்பலவாணர் ஆலயம் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடத்துக்குக் கிடைத்த மரியாதை கட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதுவரை கேட்டால், இது நம்மவர் பட்ட துன்பத்தின் கதை என்றே தோன்றும். நாங்களும் அந்த மனநிலையில்தான் அந்தச் சரிவில் நின்றோம். ஐயாதான் அதைக் கலைத்தார்.

"இங்கே நாங்கள் மட்டும் இருக்கவில்லை" என்றார். அவருடைய அப்பா தம் நிலத்தின் கீழ்ப்பக்கத்தைச் சூலு இனத்தவருக்கு வாடகைக்கு விட்டிருந்தாராம். அந்தக் காலத்தில் நகருக்கு வேலை தேடி வந்த கறுப்பினத்தவருக்குக் குடியிருக்க இடம் கிடையாது. தகரமும் பலகையும் கொண்டு குடிசை கட்டிக்கொள்ள இந்திய நிலக்காரர்கள் இடம் கொடுத்து வாடகை வாங்கினார்கள். கேட்டோ மேனரில் இது பரவலாக இருந்த வழக்கம். சனிக்கிழமை தோறும் ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு, குடிசை குடிசையாகப் போய் வாடகை வசூலிப்பது சிறுவனாக இருந்த ஐயாவின் வேலை. இரண்டு பக்கத்தாரும் 'பனகலோ' என்ற கலப்பு மொழியில் பேசிக்கொள்வார்கள். நம் பாசார் மலாய் போன்றதுதான். ஆனால் சுரங்கத்திலும் தோட்டத்திலும் ஏவல் இடுவதற்கென்றே வளர்ந்த மொழியாதலால், அதில் 'செய்', 'கொண்டு வா', 'போ' என்பவை எளிதாக வரும். நலம் விசாரிக்க அது அவ்வளவாக உதவாது என்று ஐயா சொன்னார்.

1949 ஜனவரி 13-ஆம் நாள், டர்பன் நகரின் இந்தியக் கடைப்பகுதியில் ஓர் இந்தியருக்கும் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கும் ஏற்பட்ட கைகலப்பு, இரண்டு மூன்று நாள் நீடித்த பெருங்கலவரமாக மூண்டது. அதிகாரக் கணக்குப்படி இறந்தவர்கள் 142 பேர். அவர்களில் இந்தியர் 50, கறுப்பினத்தவர் 87. கறுப்பினத்தவரில் பலர் போலீஸாரும் படையினரும் சுட்டதில் இறந்தவர்கள். கேட்டோ மேனரில் இந்தியர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மேலே இருந்த வெள்ளையனை எட்ட முடியாதவனின் கோபம், பக்கத்தில் வாடகை வாங்கிக்கொண்டிருந்தவன்மீது பாய்ந்தது என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குவார்கள். எட்டு வயதுப் பையனுக்கு அந்த விளக்கமெல்லாம் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது, கீழ்ப்பக்கக் குடிசையில் இருந்த ஒரு சூலு மனிதர் இருட்டில் ஓடி வந்து, அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் ஆறு பேரையும் தம் குடிசைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தி, வாசலில் தடியோடு உட்கார்ந்துகொண்டார் என்பதுதான். கூட்டம் வந்து கேட்டது. உள்ளே யாருமில்லை என்று அவர் சொன்னது ஐயாவுக்குக் கேட்டது. ஒரு பகலும் இரண்டு இரவும் அங்கே இருந்தார்கள். அவர் மனைவி சோளக்களி கொடுத்தார்.

"அவர் பெயர் என்ன, ஐயா?" என்று என் துணைவியார் கேட்டார்.

ஐயா உடனே விடை சொல்லவில்லை. அப்பா அவரை ஏதோ ஓர் ஆங்கிலப் பெயரால் கூப்பிடுவாராம். அந்தக் காலத்தில் வேலைக்காரர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் கூப்பிட வசதியாக ஒரு பெயரை வைத்துவிடுவது வழக்கம். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. "எங்களைச் சாமி என்று கூப்பிட்டபோது எங்களுக்கு எவ்வளவு வலித்தது!" என்று தமிழிலேயே சொன்னார். அன்றைக்கு அவர் நிறுத்தாமல் பேசிய தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறோம்.

1958 முதல் சில ஆண்டுகளில் கேட்டோ மேனரிலிருந்த கறுப்பினத்தவரை லாரிகளில் ஏற்றி, வடக்கே குவாமாஷு என்ற புதுக் குடியிருப்புக்கும் பிற இடங்களுக்கும் கொண்டுபோனார்கள். முதலில் போனவர்கள் அவர்கள். கீழ்ப்பக்கக் குடிசைகள் பிரிக்கப்பட்டபோது தம் அப்பா எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை என்று ஐயா ஒளிக்காமல் சொன்னார். கலவரம் நடந்து பத்தாண்டு கூட ஆகவில்லை, அச்சம் இருந்தது. அவர்களை அனுப்பிவிட்டால் நம்மை விட்டுவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்து இந்தியர் சிலர் எண்ணினார்களாம். சில ஆண்டுகளில் அதே அலுவலகத்திலிருந்து அவர்களுக்கும் கடிதம் வந்தது. நிலத்துக்கு அரசு கட்டிய விலை, சாட்ஸ்வர்த்தில் வாங்கிய புது வீட்டுக்கு முன்பணமாகத்தான் ஆயிற்று. அப்பா அதற்குப்பின் எந்தச் செடியும் நடவில்லை.

ஐயாவின் படிப்பும் கோட்டுக்கு உட்பட்டதுதான். 1961-இல் இந்தியருக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினார்கள். எங்கே தெரியுமா? துறைமுக விரிகுடாவிலுள்ள சாலிஸ்பரித் தீவில், கடற்படையார் விட்டுப்போன பழைய கொட்டகைகளில். நாள்தோறும் படகேறிப் போய்ப் படித்தார்கள். பிறந்த வீட்டுச் சன்னலிலிருந்து பார்த்தால் தெரிந்த பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு, கடல் தாண்டிப் போய்ப் பட்டம் வாங்கினேன் என்று சிரித்தார். 1970-களின் தொடக்கத்தில் அந்தக் கல்லூரி வெஸ்ட்வில் மேட்டில் புதுக் கட்டடங்களுக்குப் போயிற்று; தனிப் பல்கலைக்கழகமாகி, 2004-இல் பழைய நேட்டால் பல்கலைக்கழகத்தோடு ஒன்றாயிற்று.

குழுப் பகுதிச் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. 1994 ஏப்ரல் 27-இல் எல்லாரும் வாக்களித்தார்கள். சட்டம் போய்விட்டது; ஆனால் கான்கிரீட்டில் கட்டிய கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஐயாவின் வீட்டு முற்றத்தில் நின்றால் தெற்கே பள்ளத்தாக்கில் உம்லாஸ் ஆறு. அதற்கு அப்பால் உம்லாசி என்ற பெரிய கறுப்பினக் குடியிருப்பு. இரவில் அந்தப் பக்கத்து விளக்குகள் கண்ணுக்கு எதிரே மின்னும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர், ஆற்றைத் தாண்டி அங்கே போனது இரண்டே முறை. ஒன்று, உடன் பணியாற்றிய ஆசிரியரின் இறுதிச் சடங்குக்கு. இப்போது சாட்ஸ்வர்த்திலேயே கறுப்பினக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஒரு காலத்தில் இந்தியருக்கு மட்டுமாக இருந்த பள்ளிகளில் சூலுப் பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள். ஐயாவின் கடைசிப் பேத்தி சூலு மொழியைப் பள்ளியில் பாடமாகப் படித்தாள். தாத்தாவுக்குத் தெரிந்த பனகலோவைக் கேட்டு, இது என்ன மொழி தாத்தா, இதில் 'தயவுசெய்து' என்பதே வரவில்லையே என்று அவள் கேட்டதை அவர் எங்களிடம் சொல்லிக்காட்டினார்.

நாங்கள் ஊர் திரும்பியபின்னும் ஐயாவோடு தொலைபேசித் தொடர்பு இருந்து வந்தது. 2021 ஜூலையில் அந்த மாநிலத்தில் பெருங்கொள்ளையும் தீவைப்பும் நடந்த செய்தி கேட்டுப் பதறிப் பேசினோம். கடைகள் சூறையாடப்பட்டன, இந்தியர் பகுதிகளில் இளைஞர்கள் தெருமுனைகளில் தடுப்பு வைத்துக் காவல் நின்றார்கள். தற்காப்பு என்று தொடங்கியது சில இடங்களில் எல்லை கடந்தது. டர்பனுக்கு வடக்கேயுள்ள பீனிக்ஸ் பகுதியில் 36 பேர் உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் கறுப்பினத்தவர். காந்தியடிகள் 1904-இல் ஆசிரமம் அமைத்தாரே, அந்தப் பீனிக்ஸின் பெயரைத் தாங்கி, பிற்காலத்தில் இந்தியருக்கெனக் கட்டிய குடியிருப்பில்தான் இது நடந்தது.

"உங்கள் தெருவில் எப்படி, ஐயா?" என்று கேட்டோம்.

அவர் தெருமுனையிலும் பையன்கள் மரக்கட்டை, டயர் போட்டு மறித்திருந்தார்களாம். முதல் நாள் இரவு, உம்லாசிப் பக்கம் போக வேண்டிய இருவரை, வேலை முடிந்து போகிறவர்கள் போலிருக்கிறது, நிறுத்தி மிரட்டும் சத்தம் வீட்டுக்குள் கேட்டதாம். அடித்தார்களா என்று தெரியாது. பிறகு போகவிட்டிருக்கிறார்கள் போலும்.

"நான் வெளியே போகவில்லை, தம்பி. 80 வயது. கால் வேறு சரியில்லை."

நாங்கள் ஆறுதலாக ஏதோ சொன்னோம். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து, "1949-இல் அந்த மனிதருக்கும் உள்ளேயே இருந்திருக்க வழி இருந்தது" என்றார். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அவராகவே பேச்சை மாற்றி, நோய்த்தொற்றுக் காரணமாகக் கோயிலுக்குப் போய் இரண்டு ஆண்டாயிற்று என்றும், வரும் ஈஸ்டருக்கு யாராவது காரில் அழைத்துப் போனால் போகலாம் என்றும் சொன்னார். என் துணைவியார், அங்கிருந்து திருநீறு அனுப்ப முடியுமா என்று கேட்டார். அனுப்புவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.